உன் முகம் அடித்த ஒரே ஒரு டப்பா

எனக்குப் பின்னால் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து, எனக்கு முன்னால் கிளம்பிப் போய்விட்ட என் ஓரகத்தி, என் கண்ணு சரோஜாவுக்கு,

புது மிஷினுக்குப் பூஜை போட்ட அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் பெயரை முதலில் சொல்லிவிடுகிறேன். டப்பா கம்பெனி முதலாளி இனாம்தார் சாஹேப். அவருடைய தாயார், நமக்கெல்லாம் ஆஜி, பாட்டி. சாஹேபின் மகள் கேதகி, அச்சு வேலையைக் காலேஜில் படித்துவிட்டு வந்து புது மிஷின் வாங்கித்தான் ஆகவேண்டும் என்று நின்றவள். ஃபோர்மேன் பாபுராவ். ஒட்டுகிற செக்‌ஷனில் நம் பக்கத்தில் உட்கார்ந்த கமல்பாய். மிஷினோடு பம்பாயிலிருந்து வந்த இன்ஜினியர் ஒருவன். பெயர் கேட்டேன், காதில் விழாதவன் மாதிரி போனான், ஆகவே அவனுக்குப் பெயர் கிடையாது. அப்புறம் நீ. அப்புறம் நான். உள்ளே வேறு ஒரு ஈ, காக்கை இல்லை. நான் எதையும் மறக்கிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும்.

சங்கத்துப் பொங்கல் மலருக்கு, போய்ச் சேர்ந்தவர்களைப் பற்றி யார் வேண்டுமானாலும் எழுதித் தரலாம் என்றார்கள். எனக்கு ஐந்தாங் கிளாஸ். உனக்கு அதுவும் இல்லை. நீ இருந்தவரை ஊர்க் கடுதாசியெல்லாம் நான்தான் உனக்குப் படித்துக் காட்டினேன். இதை யார் படித்துக் காட்டுவார்கள்? பிழைக்க வந்த இந்தக் கட்கி ஊரில் தமிழர்கள் அத்தனை பேர் கையிலும் போகிற புத்தகம், யாராவது ஒருத்தர் உன் காதில் போடமாட்டார்களா என்றுதான் எழுதுகிறேன்.

உன் புருஷன் போய்ச் சேர்ந்த வருஷமே நீ டப்பா கம்பெனியில் சேர்ந்தாய். நீ காலையில் கிளம்பிப் போனால் லைன் வீட்டில் எனக்குச் சண்டை போட ஆள் இல்லாமல் போனது. அதனால்தான் நானும் வந்து சேர்ந்தேன். பிள்ளைகள் படிப்புக்கு என்று ஊரில் சொன்னேன். நிஜம் உனக்குத் தெரியும்.

அப்போது பழைய மிஷின். நாலு கலர், நாலு தகடு. நாலும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்காருகிறவரை அட்டை அட்டையாக வீணாய்ப் போகும். பிஸ்கோத்து டப்பாவில் சிரிக்கிற குழந்தைக்கு வாய் ஒரு பக்கம், உதட்டுச் சிவப்பு ஒரு பக்கம். அந்த வீணான அட்டையைச் சுருட்டிக்கொண்டு வந்து நம் லைன் முழுக்கக் கொடுப்பாய். உன் பிள்ளை செந்திலின் பாடப் புத்தகத்துக்கு இருமல் மருந்து அட்டை. என் அரிசிப் பானைக்கு மூடி, சோப்பு அட்டை. நம் வீட்டு அலமாரித் தட்டில் விரித்தது அத்தனையும் இரண்டு வாய் வைத்த குழந்தைகள். என் வீட்டுக்காரர், உனக்கு மாமா, தலையில் அடித்துக்கொள்வார், "ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தா பயமா இருக்குதுடி" என்று.

ஒரு டப்பா மட்டும் வேண்டுமென்றால் அந்த மிஷினில் நடக்காது. ஓட்டினால் ஆயிரக் கணக்கில் ஓட்டவேண்டும். இல்லாவிட்டால் தகடு செய்த கூலிக்கே கட்டாது. அதனால்தான் கேதகி புதுசைக் கொண்டு வந்தாள். தகடு கிடையாது, கம்ப்யூட்டரில் இருக்கிற படம் நேராக அட்டைக்கு வரும். ஒன்று கேட்டால் ஒன்று, பத்து கேட்டால் பத்து. "சின்னச் சின்ன மிட்டாய்க் கடைக்காரங்ககூட அவங்க பேர் போட்டு டப்பா அடிச்சுக்கலாம், மாவுஷி" என்று, சித்தி முறை வைத்து, என்னிடமே சொன்னாள். நான் நம்பவில்லை. நீ நம்பினாய்.

கண்டே நவமி அன்று பூஜை. நம் ஆயுத பூஜைதான், இங்கே அந்தப் பெயர். பாபுராவ் விடியற்காலையிலேயே வந்து கட்டிங் கத்தி, பசை வாளி, பழைய மிஷின் எல்லாவற்றுக்கும் செண்டுமல்லி மாலை போட்டு வைத்திருந்தான். புது மிஷினுக்குத் தனியாக ஒரு பெரிய மாலை. குங்குமத்தைக் கொண்டுபோய் மிஷின் மேல் வைக்கப் பார்த்தவனை இன்ஜினியர் பாய்ந்து பிடித்தான், பொடி உள்ளே போனால் கெட்டுப்போகும் என்று. பாபுராவ் முகம் சுருங்கிப் போனது. "பொட்டு வைக்காத மிஷின் எப்படிய்யா ஓடும்?" என்றான். கடைசியில் மிஷின் நிற்கிற தரையில் பொட்டு வைத்தார்கள்.

தேங்காய் உடைத்தாயிற்று. கேதகி கேமராவைத் தூக்கிக்கொண்டு, "இப்போ ஒருத்தர் படத்தை எடுத்து, ஒரே ஒரு பேடா டப்பா அடிச்சுக் காட்டறேன். யார் வர்றீங்க?" என்றாள். எல்லோரும் பின்னால் நகர்ந்தோம். நீ முன்னால் போனாய்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புது மிஷின், நல்ல நாள், முதல் படம். தாலி இழந்தவள் முன்னால் போய் நிற்கலாமா என்று அவர்கள் மனதில் ஓடுமே, உன்னை ஏதாவது சொல்லிவிடுவார்களே என்று உன் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். நீ என் கையைத் தட்டிவிட்டாய். சாஹேப் உனக்கு நாற்காலி கொண்டுவரச் சொன்னார். ஆஜி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள். பார்த்தேன். மனதில் எழுதி வைத்துக்கொண்டேன்.

படம் வந்தது. ஆயிரம் அட்டை வீணாகாமல், முதல் அட்டையிலேயே நீ. உன் முன்பல் இடைவெளி, மூக்குத்தி எடுத்த பொட்டுத் துளை, எல்லாம் இருந்தது. கேதகி அதை மிஷினின் நெற்றியில் ஒட்டி எல்லோரும் பார்க்கும்படி வைத்தாள். அப்போது பாபுராவ் அந்தப் பெரிய மாலையை எடுத்து வந்து, நேராக உன் படத்தின் மேல் போட்டான்.

உயிரோடு இருக்கிறவள் படத்துக்கு மாலை!

"எடுடா அதை! கை அழுவிப்போவ! எடு!" என்று நான் போட்ட சத்தத்தில் வாட்ச்மேன் கேட்டிலிருந்து எட்டிப் பார்த்தான். பாபுராவ் கல் மாதிரி நின்றான். கமல்பாய் வாயில் தலைப்பைத் திணித்துக்கொண்டாள். நீதான் சிரித்தாய்.

"இன்னாத்துக்குக்கா கத்தற? செத்தப்புறம் போடற மாலையை எவளாச்சும் பார்த்திருக்காளா? நான் பார்த்துகினேன் பாரு. நல்லாத்தான் இருக்குது."

அந்தப் பொங்கலுக்கு நீ இல்லை.

கடைசியில் மூச்சு வாங்க விழுந்தபோது ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மார்பில் கட்டி, உள்ளே எல்லாம் பரவிவிட்டது என்று டாக்டர் சொன்னார். அதற்கு முன்னால் நீ பித்தம் என்றாய், உஷ்ணம் என்றாய். நான் சீரகத் தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். குடித்தாய். சாவு வீட்டுக்கு வந்தவர்களிடம் எல்லாம், "பாவம், தனக்கு இன்னான்னே தெரியாம போயிட்டா" என்று சொல்லிச் சொல்லி அழுதேன். கம்பெனிக்காரர்கள் வந்தபோது அவர்களிடமும் சொன்னேன். அவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பாபுராவ் மட்டும் வாசலுக்கு வெளியே நின்றான். உள்ளே விடவில்லை நான். உயிருள்ள முகத்துக்கு மாலை போட்ட கை. புது மிஷின் முதலில் ஒரு கைம்பெண்ணின் முகத்தை அடித்த தோஷம் கழியட்டும் என்று வேண்டுமென்றே போட்டான் என்று முடிவு கட்டினேன். அதற்கப்புறம் கட்கி பஜாரில் எதிரே வந்தால் நான் ரோட்டைத் தாண்டிவிடுவேன். அவன் மகள் கல்யாணப் பத்திரிகையைக் கதவடியில் செருகிவிட்டுப் போனான். எடுத்து அடுப்பில் வைத்தேன்.

உன் டப்பாவைப் பிரித்து, தட்டையாக்கி, கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினேன். உனக்கென்று இருந்த கலர் போட்டோ அது ஒன்றுதானே? கல்யாணப் போட்டோவில் நீ குனிந்த தலை நிமிரவில்லை. ஆனால் டப்பாவுக்கு மடிப்பு எங்கே விழும் என்று அந்தப் பெயரில்லாத இன்ஜினியர் பார்க்காமல் படத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டான். மடிப்பு உன் இடது கன்னத்தின் குறுக்கே. அந்தப் புது மிஷின் மை, மடித்த இடத்தில் வெடிக்கும். வருஷம் ஆக ஆக, முதலில் ஒரு வெள்ளைக் கோடு. அப்புறம் கோட்டின் இரண்டு பக்கமும் செதில் செதிலாக. கண்ணாடிக்கு அடியில் உன் கன்னம் துகளாகச் சேர்ந்து கிடந்தது. துடைக்கவும் பயம். கண் வரைக்கும் உதிர்ந்தால் என்ன செய்வேன்?

இதற்குள் மாமாவும் போய்விட்டார். லைன் வீட்டைக் காலி செய்து பஜார் பக்கம் வந்துவிட்டோம். கம்பெனி தொலைவில் ரஞ்சன்காவ் ஊருக்குப் போனது, நான் நின்றுவிட்டேன். என் பேத்தி சுவரைப் பார்த்து, "பாட்டி, யே கோன், இது யாரு?" என்றாள். ஓரகத்தி என்றேன். "ஓரகத்தின்னா கியா?" என்றாள். இந்த வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு வேறு ஆள் கிடையாது, சரோஜா. விளக்கிச் சொல்லவும் வரவில்லை. அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்ட இரண்டு பெண்கள் என்றால் போதுமா? ஒரே குழாயில் இருபது வருஷம் குடத்துக்குச் சண்டை போட்டவர்கள் என்றால்?

உன் பிள்ளைக்குக் கல்யாணம் நிச்சயமானது. லோஹேகாவ் பெண். அவள் அப்பா ஏர்ஃபோர்ஸில் இருந்தவர், நல்ல மனுஷன், காபி மட்டும் தண்ணியாகப் போடுவார்கள். செந்தில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"பெரிம்மா, ஸ்வீட் டப்பா மேல அம்மா போட்டோ போட்டுடலாம். எல்லார் வீட்டுக்கும் அம்மா போய்ச் சேருவாங்க."

"போய்ச் சேருவா. அப்புறம்?"

"அப்புறம் இன்னா?"

"லட்டைத் தின்னுட்டு டப்பாவை எங்கடா போடுவாங்க? பஜார் குப்பையில உங்கம்மா மூஞ்சி மேல நாய் படுத்துகினு இருக்கும். அதைத் தாண்டிகினு நான் கத்திரிக்கா வாங்கப் போவணுமா?"

அவன் சுவரில் இருந்த உன்னைப் பார்த்து, "அப்போ அம்மா கல்யாணத்துக்கே வேணாமா?" என்றான்.

அந்தப் பேச்சு என்னைப் பிடுங்கித் தின்றது. மேடையில் பெண் வீட்டார் நிறைந்து உட்காருவார்கள். உன் நாற்காலி காலியாக இருக்கும். பாதிக் கன்னம் உதிர்ந்த அட்டையைக் கொண்டுபோய் வைக்கவா? "ஒண்ணு அடிச்சாப் போதும். ஒண்ணே ஒண்ணு" என்றேன். "ஒண்ணு எவன் பெரிம்மா அடிப்பான்?" என்றான். "முதல்லயும் உங்கம்மாவை ஒண்ணுதாண்டா அடிச்சாங்க" என்றேன்.

கம்பெனி பஸ்ஸிலேயே ரஞ்சன்காவ் போனேன். கரும்பு வயலுக்கு நடுவில் தகரக் கூரை போட்ட நீளக் கட்டடம். கேதகிக்குக் கண்ணாடி வந்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து காலைத் தொட்டாள். உன் படம் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கிறது என்றாள். இத்தனை வருஷமும் நீ ஒரு மடிப்பும் விழாமல் உள்ளே இருந்திருக்கிறாய், நான் சுவரில் துகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மிஷினைக் காட்டினாள். நம் பழைய நாலு கலர் மிஷினேதான், அதே கைப்பிடி. அதன் வாலில் புதுசாக ஒன்றைச் சேர்த்து மாட்டியிருக்கிறார்கள். பூவும் விளக்கும் பழைய பக்கம் அடிக்கும், ஒவ்வொரு டப்பாவுக்கும் வேறு வேறு பெயரைப் புதுப் பக்கம் அடிக்கும். "ஹைப்ரிட், மாவுஷி" என்றாள். ஹைப்ரிட் தக்காளி எனக்குத் தெரியும், ரசத்துக்கு ஆகாது. இது பரவாயில்லை. நம்மைப் போலத்தான் என்று நினைத்துக்கொண்டேன்: மூத்தவள் வேலையெல்லாம் செய்து முடிப்பாள், கடைசியில் வந்து நிற்கிற சின்னவளை ஊரே வேடிக்கை பார்க்கும். நாம் ரப்பர் ஸ்டாம்பை வைத்துக்கொண்டு ஒவ்வொரு டப்பாவிலும் நம்பர் குத்துவோமே, அந்த வேலையும் இப்போது அந்த வால்தான் செய்கிறது. உன் விரலில் ஊதா மை போகவே போகாது. அந்த விரலோடுதான் மாவு பிசைவாய்.

அந்த மிஷினை ஓட்டுகிறவன் யார் தெரியுமா? பாபுராவ். தலை முழுக்க நரைத்துவிட்டது. நான் திரும்பி நின்றேன். கட்கியில் பிறந்தவன், நம் லைன் பிள்ளைகளோடு கோலி ஆடியவன், தமிழ் நன்றாகவே வரும். அவனே பேசினான்.

"அக்கா, நீ என்கூட பேசமாட்டே, தெரியும். பேசாத. நான் பேசறேன், கேளு. அந்த மாலையை நானா போட்டேன்னு நினைச்சுகினு இருக்கியா?"

"பின்ன உங்கப்பனா போட்டான்?"

"அவ போடச் சொன்னா. 'பாபுராவ், படம் வந்ததும் ஒரு மாலை போடு, எப்படி இருக்கேன்னு பார்த்துக்கறேன்'னா. முன்னாடியே கேதகிகிட்ட போய், 'பாப்பா, போட்டோ எடுக்கறதா இருந்தா என்னை எடு. என் பையனுக்குச் சுவத்துல மாட்ட ஒண்ணு வேணும்'னு கேட்டுகினாளே!"

"எதுக்கு?" என்றேன்.

"கட்டி இருக்குதுன்னு அவளுக்குத் தெரியும்க்கா. கமல்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிகினு போனா. முத்திப்போச்சுன்னு சொல்லிட்டாங்க."

"கமலுக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும்."

"ஆஜிக்கு?"

"ஆஜி அன்னிக்கு அழுததை நீ பார்க்கலியா?"

பார்த்தேனே, சரோஜா. தலைப்பால் முகத்தை மூடித் திரும்பிக்கொண்டதைப் பார்த்தேனே! என்னவென்று பார்த்தேன்?

"எனக்கு ஏன்டா சொல்லல?"

"சத்தியம் வாங்கிட்டா. 'அக்காவுக்குத் தெரிஞ்சா வேலைக்கு விடாது. பாயைப் போட்டுப் படுக்கவச்சு, பக்கத்துலயே உக்காந்து அழுவும். நான் டப்பா ஒட்டிகினே போயிடறேன்'னா. நீ வாசல்ல என்னை நிக்கவச்சு திட்டினப்போகூட வாயைத் திறக்கலியே நான்."

ஆமாம், விட்டிருக்கமாட்டேன். படுக்க வைத்திருப்பேன். பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். அதில் என்ன தப்பு? சொல், அதில் என்ன தப்பு? பிள்ளைக்குச் சொல்லவில்லை, சரி, அவனுக்குப் பரீட்சை. எனக்கு? அத்தனை பேர் நின்ற இடத்தில், உனக்கு மாலை விழுகிறபோது ஒன்றும் தெரியாமல் கூச்சல் போட்டவள் நான் ஒருத்திதானா? சீரகத் தண்ணீரை எதற்குக் குடித்தாய்? கொட்டியிருக்கலாமே.

கேதகி உன் படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். தயங்கித் தயங்கிக் கேட்டாள், "மாவுஷி, நெத்தியில பொட்டு வைக்கட்டுமா? இதுல வைக்கலாம்."

"வை. ஊர் அழிச்சதை உன் மிஷினாவது வைக்கட்டும்" என்றேன்.

இந்தத் தடவை மடிப்பு உன் முகத்தில் விழாதபடி நான் பக்கத்தில் நின்று பார்த்து வைக்கச் சொன்னேன். வெடிக்காமல் இருக்க மேலே ஒரு பூச்சும் கொடுத்தார்கள். கல்யாண டப்பாக்கள் எல்லாம் பூவும் விளக்கும், அழைத்த ஒவ்வொரு குடும்பத்தின் பெயரும் போட்டு வந்தன. ஒரே ஒரு டப்பாவில் மட்டும் நீ. கீழே உன் பெயர், தமிழில். கேதகிக்கு நான்தான் எழுதிக் காட்டினேன்.

அதை உன் நாற்காலியில் வைத்தேன். பெண்ணும் பிள்ளையும் அதன் முன்னால் விழுந்து கும்பிட்டார்கள். செந்தில் எழுந்திருக்க நேரமானது. எல்லோரும் தங்கள் பெயரைத் தேடி டப்பாவை எடுத்துக்கொண்டு போனார்கள், உன்னுடையது அங்கேயே இருந்தது. கமல்பாய் வந்திருந்தாள், இப்போது கம்பு ஊன்றி நடக்கிறாள். ஆஜி போய் வெகு நாளாயிற்று. பாபுராவ் மண்டபத்து வாசலிலேயே நின்றான். "உள்ள வாடா, வாசல்ல நின்னு நின்னு பழகிட்டியா?" என்றேன். அழுதுவிட்டான் மடையன்.

ராத்திரி வீட்டுக்கு வந்து உன் டப்பாவைத் திறந்து, உள்ளே இருந்த லட்டை நானே தின்றேன். உனக்கு ஒரு துண்டுகூட வைக்கவில்லை. இருக்கட்டும்.

இப்போது நீ சுவரில் முழுக் கன்னத்தோடு, பொட்டோடு இருக்கிறாய். மத்தியானத்தில் வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள், நானும் நீயும்தான். பேசிப் பார்க்கிறேன். நீ பதில் சொல்லாமல் சிரித்துக்கொண்டே இருக்கிறாய், அன்றைக்கு மாதிரியே.

அன்றைக்கு இருந்தவர்களை ஒவ்வொருத்தராக மனதில் எடுத்து வைத்துப் பார்த்துவிட்டேன். சாஹேபை விட்டுவிட்டேன். ஆஜி பெயரில் கோயிலில் விளக்கு வைத்தேன். கேதகி குழந்தை. கமல்பாய் சொன்ன சொல்லைக் காப்பாற்றியவள். பாபுராவிடம் அவன் மகள் கல்யாணத்துக்குப் போகாததற்கு இப்போது மொய் வைத்தேன். பெயர் சொல்லாத இன்ஜினியரைக்கூட, போகட்டும், விட்டேன். மிச்சம் ஒருத்தி.

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு கண்டே நவமிக்கும் உன் கண்ணாடியைத் துடைப்பேன், பொட்டு வைப்பேன், பேடா வைப்பேன். மாலை மட்டும் போடமாட்டேன். உனக்கு வேண்டிய மாலையை என்னைக் கேட்காமல் நீயே போட்டுக்கொண்டாய்; என் கையால் இன்னொன்று கிடையாது. நான் அங்கே வந்து சேருகிற அன்று எதிரே வந்து நிற்காதே, முகம் கொடுத்துப் பேசமாட்டேன். ஆனால் எங்கேயும் போய்விடாதே, பக்கத்திலேயே இரு.

இப்படிக்கு, உன் மூத்த ஓரகத்தி, உன் பிள்ளைக்குப் பெரியம்மா,
பவுனம்மாள்.
எல்லோரையும் மன்னித்தவள், சரோஜாவைத் தவிர.